"பேர் மட்டும் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்

கோத்தகிரியில் சின்ன அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இளம் ஆர்க்கிடெக்ட், சமவெளிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு வருகிறார். வரைபடங்கள் அருமை, பேச்சில் தெளிவு. எல்லாம் முடிந்து சான்றிதழ் சரிபார்க்கும்போதுதான் தெரிகிறது, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான கட்டடக்கலைக் கவுன்சில் கொடுத்த அவருடைய பதிவு எண் மூன்று வருஷமாக வேறொரு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது. "அங்க பேர் மட்டும்தான் சார் கொடுத்திருந்தேன், ஒரு நாள்கூட கிளாஸ் எடுக்கலை" என்கிறார். அதைச் சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பிச் சொல்கிறார். தீரவில்லை. வேலை போயிற்று.

கொடைக்கானலிலிருந்து ஒருவர், குன்னூரிலிருந்து ஒருவர் என்று இதே கதை ஏற்கெனவே வந்தாயிற்று. இனியும் வாய்மூடி இருப்பது சரியில்லை என்பதால் இந்தக் கட்டுரை.

பாடம் எடுக்காமல், கல்லூரியின் ஆசிரியர் பட்டியலுக்குப் பெயரை மட்டும் கொடுக்கச் சொல்லும் இந்த அழைப்பு மலையில் தொழில் செய்பவர்களைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டட அனுமதி இங்கே மெதுவாக நகரும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமம் என்றால் கோப்பு இன்னும் சுற்றும். மழைக் காலத்தில் தளத்தில் வேலை நிற்கும், கையில் பணம் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு இடைத்தரகர் பேசுவார்: "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வந்து உட்கார்ந்தா போதும் சார். மத்தபடி உங்க வேலையைப் பாருங்க. வருஷத்துக்கு இவ்வளவு." மலையிலிருக்கும் ஆளுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் தூரத்தில் இருக்கின்றன. அதனால் "வரவே வேண்டாம்" என்பது அவருக்கு வசதியாகத்தான் தெரியும்.

இதைச் செய்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியம் சொல்கிறார்கள்: "விசிட்டிங் ஃபேகல்ட்டியாத்தானே போட்டிருப்பாங்க?" இல்லை. பெரும்பாலும் அப்படிப் போடுவதே இல்லை. விசிட்டிங் என்பவர் மணிக்கணக்கில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகிறவர். அவரைக் கல்லூரியின் முழுநேர ஆசிரியர் கணக்கில் சேர்க்க முடியாது. கல்லூரிக்குக் குறைவது முழுநேர ஆட்கள். ஆகவே உங்களை "முழுநேர உதவிப் பேராசிரியர், இன்ன தேதியில் பணியில் சேர்ந்தார்" என்றுதான் எழுதுகிறார்கள். பணி நியமன ஆணை, பணியேற்புக் கடிதம், வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் அந்தப் பொய்யைச் சுற்றித் தயாராகும். சிலவற்றில் உங்கள் கையெழுத்தே இருக்கும், காகிதக் கட்டோடு சேர்த்து வாங்கியிருப்பார்கள். அப்புறம் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழி கிடையாது. அதே காலத்தில் நீங்கள் குன்னூரில் சொந்தமாகத் தொழில் செய்து, கட்டணம் வாங்கி, வரைபடத்தில் முத்திரை குத்தியிருக்கிறீர்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். 2024-இல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்த விவகாரம் வெளியே வந்ததும் இப்படி எளிதாக ஒப்பிட்டுப் பார்த்ததில்தான்.

"நான் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட், எண் உண்மையானது, அப்புறம் என்ன மோசடி?" என்று கேட்பவர்களும் உண்டு. எண் உண்மைதான். அந்த எண்ணைக் கொண்டு சொல்லப்படும் செய்தி பொய். 1972-ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி தொழில் ஒழுங்கீனம் நிரூபணமானால் கவுன்சில் உங்களைக் கண்டிக்கலாம், தொழில் செய்வதிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுக்கலாம். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: 37-ஆவது பிரிவு காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத்தான், வரைவது, வடிவமைப்பது போன்ற வேலைகளை அல்ல. அதாவது பதிவில்லாதவருக்கும் உங்களுக்கும் சட்டப்படி இருக்கும் வேறுபாடு அந்த ஒரு சொல். அதைத்தான் வாடகைக்கு விடுகிறீர்கள்.

மாணவர் பக்கமிருந்து பாருங்கள். ஒரு பிரிவுக்கு 40 இடம். வடிவமைப்பு ஸ்டுடியோ பிற்பகல் மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். நான்கு ஆசிரியர்கள் இருந்தால் ஒருவருக்குப் பத்து மாணவர், ஆளுக்கு 18 நிமிடம். அந்த நேரத்தில் ஒரு தரைத்திட்டத்தைப் பார்த்து, படிக்கட்டு ஏன் முட்டுகிறது என்று சொல்லி, வெட்டுத்தோற்றம் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் தோற்றம்) ஒன்றை அங்கேயே வரைந்து காட்ட முடியும். நான்கில் இருவர் காகிதத்தில் மட்டும் இருந்தால் ஆளுக்கு 9 நிமிடம். மூவர் காகிதம் என்றால் நாலரை நிமிடம். நாலரை நிமிடத்தில் தாளை விரித்து மடிக்கத்தான் நேரம் இருக்கும். ஐந்து வருஷம் படித்துவிட்டு ஒரு பிள்ளை கதவு திறக்கும் பக்கம்கூடத் தெரியாமல் உங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும்போது, "இந்தக் காலத்துப் பசங்க" என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் குறையில் பெயர் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு.

பணத்தையும் பார்த்துவிடுவோம். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, ஏ.டி.எம். அட்டையையும் கையெழுத்திட்ட காசோலைகளையும் கல்லூரியே வைத்துக்கொள்வது ஒரு முறை. மாதச் சம்பளம் கணக்கில் வரும், கல்லூரியே எடுத்துவிடும், உங்களுக்கு வருஷக் கடைசியில் ஒரு சிறு தொகை. ஆனால் வருமான வரித் துறைக்கு அந்த முழுச் சம்பளமும் உங்கள் வருமானம். பி.எஃப். பாஸ்புக்கிலும் ஏறிவிட்டால், அந்த மாதங்களில் வேறெங்கும் முழுநேர வேலை பார்த்ததாக அனுபவச் சான்று காட்டவே முடியாது. பின்னால் அரசுக் கல்லூரிக்கோ என்.ஐ.டி.க்கோ விண்ணப்பிக்கும்போது உண்மையான அனுபவமும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போகும்.

துறைத்தலைவர், முதல்வர் பதவிக்குப் பெயர் கேட்பது இன்னும் ஆபத்து. கொஞ்சம் வயதான, ஓய்வுக்கு மலைக்கு வந்து தங்கிவிட்ட மூத்தவர்களிடம்தான் இதைக் கேட்கிறார்கள். பதவிப் பெயர் கௌரவமாக இருக்கும், மறுக்கத் தோன்றாது. முதல்வர் கையெழுத்து என்றால் கவுன்சிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கும் உறுதிமொழி, வருகைச் சதவீதம், தேர்வு மதிப்பெண், ராகிங் தடுப்புக் குழு, பாலியல் புகார்க் குழு அறிக்கை, எல்லாமே. விடுதியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் காவல்துறை முதலில் கேட்பது முதல்வரை. நீங்கள் அன்று கொடைக்கானலில் தோட்டத்தில் இருந்தீர்கள் என்பது தற்காப்பு ஆகாது, அதுவே குற்றச்சாட்டு. ஐயா, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

(இடையில் ஒன்று: "ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கு, கவுன்சில் பார்க்காது" என்று சொல்லி நம்ப வைப்பார்கள். ஏ.ஐ.சி.டி.இ. என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பு. கட்டடக்கலைக் கல்வியின் தரத்தைப் பொறுத்தவரை கவுன்சிலின் விதிதான் நிற்கும் என்று 2019 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பவை கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தர விதிமுறைகள். தகுதியும் அனுபவமும் அதில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படித்தான். இடைத்தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள்.)

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பயந்து சும்மா இருக்காதீர்கள். "இன்ன தேதி முதல் என் பெயரையும் பதிவு எண்ணையும் ஆசிரியர் பட்டியலிலிருந்து நீக்கவும், நான் பணியில் இல்லை" என்று கல்லூரிக்கு எழுதுங்கள். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அதே நாளில் மின்னஞ்சலிலும். நகல் கவுன்சில் பதிவாளருக்குப் போகட்டும். அந்த வங்கிக் கணக்கை நீங்களே நேரில் போய் மூடுங்கள். கடந்த வருஷங்களின் வரிக் கணக்கை ஆடிட்டரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். அசல் சான்றிதழ்கள் அங்கே இருந்தால் திரும்பக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டோம் என்றால் வழக்கறிஞர் நோட்டீஸ். தள்ளிப்போடும் ஒவ்வொரு செமஸ்டரும் உங்கள் மேல் இன்னொரு பொய்யை ஏற்றுகிறது.

இனிமேல் யாருக்கு நகல் கொடுத்தாலும் இப்படிக் கொடுங்கள். பதிவுச் சான்றின் நகலில் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு இரண்டு இணைகோடு. கோடுகளுக்கு நடுவே பேனாவால், "இன்ன கல்லூரி, இன்ன பணிக்கான நேர்காணலுக்கு மட்டும்", தேதி, கையெழுத்து. எழுத்து பதிவு எண்ணின் மேல் ஓடவேண்டும், ஆனால் எண் படிக்கும்படி இருக்கவேண்டும். ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். அசலைக் காட்டுங்கள், அப்போதே வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்வது யாரையும் கற்பித்தலிலிருந்து விரட்ட அல்ல. மலையில் வேலை பார்த்தவர்கள் வகுப்புக்கு வரவேண்டும், கட்டாயம் வரவேண்டும். சமவெளிக் கல்லூரிகளில் சரிவு நிலத்தில் கட்டடம் வடிவமைக்க ஒரு செமஸ்டர் தருகிறார்கள். பிள்ளைகள் முதலில் செய்வது சரிவை வெட்டிச் சமதளமாக்குவது, அதன் மேல் கோயம்புத்தூர் வீட்டைத் தூக்கி வைப்பது. வெட்டிய மண்ணுக்குத் தடுப்புச்சுவர் என்று ஒரு தடித்த கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. கருங்கல் சுவரென்றால் அடி அகலம் உயரத்தில் ஏறத்தாழ பாதி வரவேண்டும். அந்தத் தண்ணீர் வடிய 4 அங்குலக் குழாயை ஐந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சரிவாக வைக்கவேண்டும். சுவரின் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பவேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டினால் குழாய் வாய் அடைத்துக்கொள்ளும், மண் நீர் குடித்துக் கனக்கும், இரண்டாவது மழையில் சுவர் வயிறு தள்ளும், பிறகு சாயும். இதை 1:20 அளவுத்திட்டத்தில் ஒரு வெட்டுத்தோற்றமாகப் பிள்ளையின் தாளிலேயே வரைந்து காட்டுங்கள். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததைச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூரும் கொடைக்கானலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நனைகின்றன; ஆகவே நீலகிரி என்ற ஒரே மாவட்டத்துக்குள்ளேயே தாழ்வாரம் எந்தப் பக்கம் வேண்டும் என்பது மாறும் என்பதைச் சொல்லுங்கள். இது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

நேர்வழியில் நுழைய முதல் படி, செய்முறைப் பயிற்சி செமஸ்டரில் மாணவர்களை உங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொள்வது. ஒரு நேரத்தில் இரண்டு பேர் போதும், நான்கு பேரை எடுத்தால் அவர்கள் டிரேசிங் ஆட்களாகிவிடுவார்கள். அடுத்து ஜூரிக்கு, அதாவது மாணவர்களின் வடிவமைப்பை மதிப்பிடும் அமர்வுக்கு, வெளித்தேர்வாளராகப் போங்கள். அங்கே நீங்கள் பேசுவதை வைத்துத்தான் விசிட்டிங் அழைப்பு வரும். விசிட்டிங் என்றால் வாரத்தில் ஒரு முழுநாள், காலையிலிருந்து மாலை வரை. இரண்டு அரைநாள் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் போக மூன்று மணி நேரம், கொடைக்கானலிலிருந்து மதுரை அதைவிட அதிகம். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலை மூடும், கோத்தகிரி வழி சுற்றவேண்டும். அந்த மாதங்களில் முந்தின நாளே இறங்கித் தங்க ஏற்பாடு வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சனிக்கிழமையைத் தவிருங்கள், திரும்பி ஏறும்போது சுற்றுலா வண்டிகளோடு மாட்டிக்கொள்வீர்கள்.

கடிதம் இல்லாமல் முதல் வகுப்பு எடுக்காதீர்கள். அதில் 'விசிட்டிங்' என்ற சொல், பாடத்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, பயணப்படி, எந்தச் செமஸ்டர் வரை, இவை இருக்கவேண்டும். ஒவ்வொரு வருகையையும் உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். முழுநேரம் போகிறவர்கள் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், பேராசிரியருக்கு 1,44,200. தனியார் கல்லூரி "மொத்தமாக" என்று ஒரு தொகை சொன்னால் அதை இதோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். தனியாகத் தொழில் செய்ய அனுமதி உண்டா, அலுவலக நேரம் என்ன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

துறைத்தலைவர் ஆக விரும்புகிறவர்கள் முதலில் இரண்டு வருஷமாவது ஸ்டுடியோ ஒருங்கிணைப்பாளராக இருங்கள். ஐந்து ஆண்டு ஸ்டுடியோக்களும் ஒன்றன்மேல் ஒன்று எப்படி ஏறுகின்றன என்பது அதில்தான் பிடிபடும். அது தெரியாமல் வரும் தலைவர் கால அட்டவணை மட்டும் போடுவார்.

புதுச் செமஸ்டருக்கான பாடப் பங்கீடு கோடை விடுமுறையிலேயே முடிந்துவிடும். சீசன் கூட்டத்தில் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஏப்ரல் முடிவதற்குள் துறைத்தலைவருக்கு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும்: பதிவு எண், படிப்பு, செய்த கட்டடங்களில் மூன்றின் வெட்டுத்தோற்றம், எந்தப் பாடம் எடுக்க முடியும், வாரத்தில் எந்த நாள் மலையிறங்க முடியும்.