சாம்பார் வாளியும் ஏலச்சீட்டும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “20 பேர் சேர்ந்து மாசம் 5,000 ரூபாய் ஏலச்சீட்டு போட்டோமுங்க. கடைசியாத்தான் எடுக்கறதுன்னு இருந்தேன். நடுவுல ஒரு சின்னப் பிரச்சினை, டீ டைம்ல எங்கூட யாரும் பேசறதில்லை. அடுத்த ஏலத்துலயே 22,000 தள்ளி எடுத்துட்டேன். பணத்துக்கு அவசரமே இல்லைங்க. ஜோசியர்கிட்டக் கேட்டா நேரம் சரியில்லைங்கறார். உங்க அறிவியல் என்ன சொல்லுது?”

ஜோசியர் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் அவர் சொன்ன அர்த்தத்தில் அல்ல.

பிறகு வரப்போகிற பணத்தை மனசு கொஞ்சம் கழித்துத்தான் எண்ணும். ஏலச்சீட்டே அந்தக் கழிவின் மேல்தான் நடக்கிறது. உளவியலாளர்கள் இதற்குச் சின்னதாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நாட்களை நம் ‘அவசர எண்’ணால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு, கிடைக்கும் எண்ணால் தொகையை வகு. அவசர எண் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பேச்சுக்கு 0.02 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கழித்து வரும் 1,000 ரூபாய், மனசுக்குள் 1,000 வகுத்தல் 1.6, அதாவது 625 ரூபாய். இன்றைக்கே 600 தருகிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று அனுப்பிவிடுவோம்.

சரி, ஒதுக்கப்படுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாளி என் இலை வரைக்கும் வந்தது. யாரோ கூப்பிட, பரிமாறுகிறவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பக்கத்து இலையில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். நான் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். முதலில் வந்த ரசத்தையே ஊற்றிக்கொண்டேன்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளருக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கம் வீசி விளையாடும் தட்டு ஒன்று உருண்டு வந்தது. எடுத்து வீசினார். ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் வீசுவதையே நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஒன்றுமில்லாத ஆட்டம், ஆனாலும் அவருக்கு வலித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘சைபர்பால்’ என்ற கணினிப் பந்தாட்டம். எதிரே ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும், பந்து வராவிட்டால் மனசு சுருங்குகிறது என்று 2004-இல் காட்டினார்கள்.

2005-இல் பாமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு செய்தது இன்னொன்று. “உன்னோடு வேலை செய்ய யாரும் விரும்பவில்லை” என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை ருசி பார்க்கச் சொன்னார்கள். அப்படிக் கேட்டவர்கள், “எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள்” என்று கேட்டவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்றார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த சோதனை 2003-இல் ட்வெங்கே என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்தது. ஒதுக்கப்பட்டதாக உணர வைத்து, ஒரு கால இடைவெளியைக் காட்டி, எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்கள். உண்மையில் ஆனது 40 விநாடி. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்கள். ஒதுக்கப்பட்டவர்களோ ஒரு நிமிடத்துக்கும் மேலே சொன்னார்கள்.

ஏன் அப்படி? காலத்தை அறிய நமக்குக் கண், காது போலத் தனி உறுப்பு கிடையாது. மூளைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து துடிப்புகளை எண்ணுவதாக வைத்துக்கொள்ளலாம். பேச்சும் வேலையும் இருந்தால் அவர் கவனம் அங்கே போய்விடும், பாதித் துடிப்புகளை விட்டுவிடுவார், நேரம் பறக்கும். யாரும் சீண்டாமல் விட்டால் அவருக்கு வேறு சோலி இல்லை. ஒன்று விடாமல் எண்ணுவார். ஒதுக்கப்பட்டவர்கள் எதிர்காலத்தை விட்டு நிகழ்காலத்துக்குள்ளேயே சுருங்கினார்கள் என்பதையும் அதே ஆய்வு கண்டது. கண்ணாடியைப் பார்த்தும் பாராமலும் நாற்காலிகள் போட்டிருந்தபோது, கண்ணாடிக்கு முதுகு காட்டும் நாற்காலியைத்தான் அவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். தன்னைப் பார்க்கப் பிடிக்காத மனசுக்கு, நாளைக்கு இருக்கப்போகும் தன்னை நினைக்க மட்டும் பிடிக்குமா?

இப்போது பழைய கணக்குக்கு வாருங்கள். 40 விநாடி 60 ஆனதுபோல, 30 நாள் 45 நாளாகத் தோன்றுகிறது என்று வையுங்கள். விநாடியில் நடப்பது மாதத்திலும் நடக்கும் என்பது என் ஊகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவசர எண் அதே 0.02. 1,000 வகுத்தல் 1.9, அதாவது 526 ரூபாய். இன்றைக்கே 600 என்றவர் மறுபடி வந்தால் வாங்கிக்கொள்வோம். புத்தி கெடவில்லை, குணம் மாறவில்லை, நேரம் மட்டும் நீண்டுவிட்டது. நேரம் சரியில்லை என்பது இதுதான். இதில் சனிக்கு வேலையில்லை.

வாசகரைக் குறை சொல்ல எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முன்னால் இருக்கும் மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் குழந்தைக்கு இன்னொன்று கிடைக்கும். பெரியவர் ஒருவர் வாக்கைக் காப்பாற்றியதைப் பார்த்த குழந்தைகள், இரண்டாவது மிட்டாய்க்காகச் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்ட குழந்தைகள் 3 நிமிடம்தான். பேச்சே இல்லாத 19 பேரிடம் பணத்தை விட்டுவைப்பதற்கு யோசித்தால் அது அவசரமா, விவரமா?

ஒதுக்கிப் பார்த்த அந்த ஆய்வுகளில் உட்கார்ந்தவர்கள் அமெரிக்க, ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர்கள். சில நிமிடம் ஒதுக்கி, முடிந்ததும் உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம் பக்கம் டீக்கடையில் தனி டம்ளரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். “அவங்களுக்குக் காசு சேர்க்கத் தெரியாதுங்க, சனிக்கிழமை கூலி ஞாயித்துக்கிழமை காலி” என்று தோட்டத்துத் திண்ணையில் பேசுகிறவர்கள், எத்தனை தலைமுறையாக வாளி தாண்டிப் போனது என்று எண்ணுவதே இல்லை. மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் எவ்வளவு என்று அளக்கக் கருவி வாங்குகிறார்கள், வாங்கட்டும். இதை அளக்க ஒரு கணினியும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். இதற்குக் காசு ஒதுக்கினால் என்ன?

போன வாரம் அந்தக் கல்யாண வீடியோ கைக்கு வந்தது. பந்தியைத் தேடி ஓட்டிப் பார்த்தேன். வாளி என்னைத் தாண்டுகிறது, நான் இலையையே பார்க்கிறேன், ரசத்துக்குக் கை நீட்டுகிறேன். அப்புறம் வாளி திரும்பி வருகிறது. மொத்தம் ஒரு நிமிடம் 50 விநாடி.