தொண்டைக்கு மருந்து தேடுமுன் சுருதியைப் பாருங்கள்

திருவிழாக் காலம் முடிந்த கையோடும், வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் நெருங்கும் வேளையிலும் என்னிடம் குரல் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வந்து அமர்கிறார்கள்: "குரல் இனிமையாக வர என்ன குடிக்கலாம்?" சிலர் பட்டியலையும் கையோடு கொண்டுவருவார்கள். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், தேன், தேசிக்காய்ச் சாறு, அம்மம்மா சொன்ன பச்சை முட்டை. இவற்றில் எது சிறந்தது என்று நான் தெரிவு செய்து கொடுக்க வேண்டும்.

நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களில் படுவதில்லை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது. உணவும் நீரும் அதன் பின்னாலுள்ள உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடுகின்றன. தவறி ஒரு துளி அந்தப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்பது புரையேறிய எல்லோருக்கும் தெரியும். ஆகவே கற்கண்டு தொண்டைக்கு இதம் தரும், உமிழ்நீரைச் சுரக்க வைக்கும், அவ்வளவுதான். தண்ணீரும் உடலுக்குள் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தோடு சுற்றி வந்துதான் குரல்நாண்களின் ஈரத்துக்கு உதவுகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். மாலையில் கச்சேரி என்றால் காலையிலிருந்தே குடித்து வர வேண்டும். மேடை ஏறுமுன் ஒரு போத்தலை அவசரமாகக் காலி செய்தால் வாய்தான் நனையும். குரல்நாண்களை நேரே சென்றடைவது மூச்சோடு உள்ளே போகும் நீராவி மட்டுமே. ஆவி பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை, நொச்சி இலை போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. கொதிநீர்ச் சட்டியைச் சிறு பிள்ளையின் மடிக்கருகில் வைப்பதில்தான் மறுப்பு. பச்சை முட்டையை அம்மம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடிப்பதைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் வீடுகளில், பிள்ளை எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. "வகுப்பில் என்ன சுருதியோ அதுதான் மிஸ்" என்பார்கள். பாடும் பிள்ளைகளின் குரல் கெடுவதற்கு நான் காணும் பெரிய காரணம் அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது.

கர்நாடக இசையில் பெண்கள் பொதுவாக 5 முதல் 6 கட்டை வரையிலும், ஆண்கள் 1 முதல் 2 கட்டை வரையிலும் பாடுகிறார்கள். ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் நடுச் சட்சத்தை ('ச') பிடித்து நிற்கும்போது, ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவேயான அவரது குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 208 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் சட்சத்தில் அது 415 தடவை. மேல் பஞ்சமத்தை ('ப') தொட்டால் 622. சுருதியை ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு ஏற்றினால் இந்த எண்கள் எல்லாமே நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூடும். இயல்பான எல்லைக்குள் நாண்கள் இழுபட்டு மெலிந்து இதைத் தாமே சமாளித்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் கழுத்துத் தசைகளும் நாக்கின் அடியும் உதவிக்கு வந்து குரல்வளையை இறுக்கும். சுரம் எட்டிவிடும், கேட்பவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் அந்த இறுக்கத்தோடு நாள்தோறும் ஒரு மணி நேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்தால், நாண்கள் மோதும் விளிம்பில் முதலில் வீக்கமும், பிறகு முடிச்சும் தோன்றும்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் தரம் 8, தரம் 9 படிக்கும் ஆண்பிள்ளைகள். மகரக்கட்டு பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் வருகிறது. குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி ('ச' முதல் மேல் 'ச' வரையான தூரம்) இறங்குகிறது. சென்ற ஆண்டு தமிழ்மொழித் தினப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைக்கு இந்த ஆண்டு மேல் சட்சத்தில் குரல் பிளக்கிறது. "நாவூறு கழித்தும் பார்த்துவிட்டோம் மிஸ்" என்பார் தாய். சாதகம் போதாது என்பார் ஆசிரியர். பிள்ளையோ இருவருக்கும் பதில் சொல்லாமல் இன்னும் சத்தமாகப் பாடத் தொடங்குகிறான்.

அவன் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்பிள்ளைகள், ஆசிரியரும் பெண். சுருதிப்பெட்டி ஐந்தரையில் நிற்கிறது. மற்றவர்களோடு அதே ஸ்தாயியில் பாடினால் மேல் சட்சம் அவனுக்கு இனி எட்டாத உயரம். ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடினால் சட்சமே விநாடிக்கு 104 அதிர்வுக்குப் போய்விடும். அங்கே இன்னும் முதிராத அவன் குரலில் சட்சத்துக்குக் கீழேயுள்ள மந்தர ஸ்தாயிக்கு இடமே கிடையாது. மேலும் இல்லை, கீழும் இல்லை. எவ்வளவு சாதகம் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சுருதியைத்தான் மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைத் தனியாக எடுத்து, மூன்று அல்லது நான்கு கட்டையில் தொடங்கி, மாதத்துக்கு மாதம் கேட்டுப் பார்த்து இறக்கிக்கொண்டு போங்கள். வாரத்தில் ஒரு நாள் அப்படிச் செய்ய முடிந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மகரக்கட்டு நேரத்தில் பாடவே கூடாது என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வசதியாக வரும் ஐந்தாறு சுரங்களுக்குள், உரக்கக் கத்தாமல், தொடக்கப் பாடங்களான வரிசைகளையும் கீதங்களையும் பாடலாம். ஒத்திவைக்க வேண்டியது மேல் ஸ்தாயி உருப்படிகளையும் போட்டிகளையும்தான். "பாட்டை விட்டு மிருதங்கத்துக்கு மாற்றிவிட்டோம்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. மிருதங்கம் நல்ல கலை, அதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள்.

பெண்பிள்ளைகளின் குரலும் அதே வயதில் ஒன்று ஒன்றரைக் கட்டை அளவு இறங்கும், சில காலம் காற்றுக் கலந்தும் ஒலிக்கும். அது தானாகச் சீராகும். 17, 18 வயதாகியும் சிறுவன் குரலிலேயே பேசும் ஆண்பிள்ளைகளில் பலருக்குக் குரல்வளை ஒழுங்காகவே வளர்ந்திருக்கும். பழைய குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம்தான் காரணம். குரல் பயிற்சிக்கு இது நன்றாகவே வசப்படும். கேலிக்கு வசப்படாது.

உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்க ஆசிரியரின் சுருதியையோ, உங்களுக்குப் பிடித்த பாடகரின் சுருதியையோ பார்க்காதீர்கள். ஒரு சுருதியை வைத்துக்கொண்டு கீழ்ப் பஞ்சமத்தை மெதுவாகப் பாடுங்கள். கரகரத்து மறைந்துபோனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். அடுத்து மேல் காந்தாரத்தை ('க') பாடுங்கள், ஆனால் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, மிக மெல்லிய குரலில். உரத்துப் பாடினால் மட்டுமே அந்தச் சுரம் வருகிறது என்றால் சுருதி உங்களுக்குக் கூடுதல். பெரும்பாலானோர் சத்தத்தைக் கூட்டி உயரத்தைப் பிடிக்கிறார்கள். உயரம் வேறு, சத்தம் வேறு. இரண்டையும் பிரித்துப் பாடத் தெரிந்த அன்றே உங்கள் குரல் பாதி திருந்திவிட்டது.

இறுக்கம் எங்கே இருக்கிறது என்பதை விரலால் அறியலாம். நாடிக்குப் பின்னால், தாடை எலும்புக்கு நடுவே மென்மையாக ஓர் இடம் இருக்கிறது. பெருவிரலை அங்கே மெதுவாக வைத்துக்கொண்டு 'ஆ' என்று நடுச் சட்சத்தில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக மேலேறுங்கள். அந்த இடம் கடைசிவரை மென்மையாகவே இருக்க வேண்டும். பலருக்குப் பஞ்சமத்தைத் தாண்டியதும் விரலைக் கீழே தள்ளிக்கொண்டு இறுகும். நாக்கின் அடி குரல்வளையை அழுத்துகிறது என்பதே அதன் பொருள். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் உட்புறத்தில் தொட்டபடி வைத்து, தாடையைத் தொங்கவிட்டு, அதே வரிசையைப் பாதிச் சத்தத்தில் மறுபடி பாடுங்கள். 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகார சாதகத்தைப் பற்களைக் கடித்துக்கொண்டு செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை ஒரு கிழமையிலேயே கண்ணைத் திறந்துவிடும். வாயைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூச்சைப் பற்றி எழுதப் போனால் முடிவிருக்காது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். "வயிற்றால் மூச்சு எடு" என்றதும் பிள்ளைகள் வயிற்றைத் துருத்திக்கொண்டு இருக்கிறார்கள். காற்று வயிற்றுக்குள் போவதில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கீழிறங்கி, கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் உயரக்கூடாது. ஆனால் நம் வகுப்புகளில் பிள்ளை பாயில் சம்மணமிட்டு, மடியில் கொப்பியை விரித்து, முதுகு வளைந்து, நாடி நெஞ்சைத் தொட இருந்து பாடுகிறது. அந்த இருப்பில் விலாவும் விரியாது, குரல்வளையும் அசையாது. கொப்பியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்க ஒரு சிறு பலகை போதும். மூச்சுப் பயிற்சியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாடுமுன் குரலைத் தயார் செய்ய எனக்கு மிகவும் பிடித்தது ஸ்ட்ரோ (உறிஞ்சுகுழாய்) பயிற்சி. ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அமிழும்படி பிடித்து, குமிழி எழும்ப எழும்ப 'ஊ' என்று சட்சத்திலிருந்து பஞ்சமம்வரை ஏறி இறங்குங்கள். குழாயில் தடைபட்ட காற்று பின்னோக்கி ஒரு சிறு அழுத்தத்தைத் தருவதால், நாண்கள் குறைந்த மோதலோடு சீராக அதிர்கின்றன. ஐந்து நிமிடம் போதும், பாடி முடித்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். பப்பாசிக் குழல் ஊதி வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் பப்பாசிப் பால் வாயைப் புண்ணாக்கும், கடைச் ஸ்ட்ரோவே நல்லது. விடியற்காலையில் எழுந்ததும் நேரே மேல் ஸ்தாயிக்குப் போகாதீர்கள். படுத்து எழுந்த குரல் கொஞ்சம் தடித்தே இருக்கும். முதலில் 'ம்' என்ற முணுமுணுப்பு, பிறகு கீழிருந்து மேலே.

பாடுகிறவர்கள் குரலைப் பாழாக்கும் இன்னோர் இடம் பாட்டுக்கு வெளியே இருக்கிறது. சத்தத்தின் நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதை 1911இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். நல்லூர் வீதியில் மேளம், மணி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசிக்கொண்டு நடப்பவரைப் பார்த்தாலே அது விளங்கும். திருவிழா 25 நாள். திருவெம்பாவைக் காலத்தில் பத்து நாளும் விடியுமுன் சங்குக்கும் சேமக்கலத்துக்கும் மேலாகத் தொண்டை கிழியப் பாடுகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: அவை ஓயும்போது பாடு, ஒலிக்கும்போது கேள். நாட்டுக்கூத்தில் உச்சக் குரலில் இரவு முழுதும் பாடும் அண்ணாவிமார் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்கிறார்கள். தாங்கியவர்களைத்தான் மேடையில் பார்க்கிறோம், தாங்காதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஐஸ்கிரீமைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். கோயிலிலிருந்து வந்து இரவு பத்து மணிக்கு உறைப்பான கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தை எரிக்கக்கூடும். சிலருக்கு நெஞ்செரிவே இருக்காது. காலையில் செருமலும் தொண்டையில் ஏதோ தங்கியிருக்கும் உணர்வும் மட்டும் இருக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். செருமல் வந்தால் செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பாவிப்பவர்களில் சிலருக்குக் குரல் கம்மும். மருந்தை நிறுத்த வேண்டாம், பாவித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குரல்நாணில் வீக்கம் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுப்பது உயர்ந்த சுரத்தின் மெல்லிய ஒலி. நாள்தோறும் காலையில், நன்றாகத் தெரிந்த ஒரு வரியை மேல் ஸ்தாயியில் மிக மெதுவாகப் பாடிப் பாருங்கள். சுரத்துக்கு முன் வெறுங்காற்று வந்தால், அல்லது நேற்று வந்த சுரம் இன்று தாமதித்து வந்தால், அன்று சாதகத்தைக் குறையுங்கள். கிசுகிசுப்பது ஓய்வாகாது, பலருக்கு அது இன்னும் இறுக்கத்தையே தரும். இன்னொரு சோதனையும் உண்டு: குரலில்லாத 'ஸ்ஸ்' என்ற சீறலை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள், பிறகு அதையே குரலோடு வண்டின் ரீங்காரமாக இழுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். சீறலை 20 விநாடி இழுப்பவரால் ரீங்காரத்தை 14 விநாடிகூட இழுக்க முடியவில்லை என்றால், நாண்கள் சரியாக மூடவில்லை என்று ஐயப்படலாம்.

தடிமன் காய்ச்சலோடு வந்த கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போய்க் குரல்நாண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் வந்தால், மூச்சு எடுக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், கழுத்தில் கட்டி தென்பட்டால், அல்லது பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென அறுந்துபோனால் அந்த மூன்று வாரமும் காத்திருக்கக் கூடாது. புகைப்பவர்களும் தாமதிக்கக் கூடாது. வைத்தியர் குரல்நாண்களைப் பார்க்கும் கமராவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை உண்மையானது: உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் பாடும்போது அசைவதை 1854இல் பார்த்து ஆராய்ந்தவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். பல்வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தம் தொண்டைக்குள் தாமே பார்த்தார். நூற்றொரு வயதுவரை வாழ்ந்தார்.

முடிச்சு என்று அறிக்கை வந்தால் பாட்டு முடிந்துவிட்டது என்று அழுகிறவர்கள் உண்டு. பாடுகிறவர்களுக்கு வரும் முடிச்சுகளில் பெரும்பாலானவை சத்திரசிகிச்சை இல்லாமலே, சில மாதக் குரல் பயிற்சியிலும் சுருதி மாற்றத்திலும் சுருங்கிவிடுகின்றன. சிகிச்சைக்கு வரும்போது குரல் நன்றாக இருந்த காலத்து ஒலிப்பதிவு ஒன்றையும், பாவிக்கும் மருந்துகளையும், வீட்டில் சாதகத்துக்கு வைத்திருக்கும் சுருதிப்பெட்டியையும் கொண்டு வாருங்கள். சுருதிப்பெட்டியைக் கடைசியாகப் பாடியபோது எந்தக் கட்டையில் வைத்திருந்தீர்களோ அப்படியே கொண்டு வாருங்கள்.