டிஸ்லிப்பிடீமியா: குருதிக் கொழுப்புப் பிறழ்வு

'டிஸ்' என்பது முறை தவறியதைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டு, 'லிப்போஸ்' கொழுப்பு, 'ஹைமா' குருதி. இம்மூன்றும் இணைந்ததே டிஸ்லிப்பிடீமியா என்ற நோய்ப்பெயர். கொலஸ்டிராலும் கிரேக்க வேர்களில் பிறந்த சொல்தான். பித்தக்கற்களில் கிடைத்த பொருளாதலால், பித்தம், திண்மம் எனப் பொருள்படும் சொற்களைச் சேர்த்து, 1815-ஐ ஒட்டிப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் அதற்குப் பெயரிட்டார்.

தமிழில் இந்நோயை 'இரத்தத்தில் கொழுப்பு மிகுதல்' என்றே பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். 'கெட்ட கொலஸ்டிரால்' எனப்படும் எல்.டி.எல்.லோ, குருதியிலுள்ள மற்றொரு கொழுப்பான டிரைகிளிசரைடோ ஏறுவது மட்டுமன்று, 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படும் எச்.டி.எல். குறைவதும் இதே நோய்தான். மொத்தக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கும் ஆணுக்கும் எச்.டி.எல். 40-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது டிஸ்லிப்பிடீமியாவே.

திபெத்தியத் துறவியரின் வாழ்க்கையைப் பார்த்தால் இவ்விரு பக்கங்களும் விளங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலுள்ள லாசாவின் மடங்களில், காலை வழிபாட்டில் வரிசையாகச் சம்மணமிட்டிருக்கும் துறவியர் தத்தம் கிண்ணத்தை முன்னே வைக்க, இளந்துறவியர் கனத்த கெண்டிகளைச் சுமந்து வந்து வெண்ணெய்த் தேநீர் ஊற்றுகிறார்கள். கொதித்த தேயிலைச் சாற்றில் உப்பும், கவரிப் பசுவின் வெண்ணெயும் இட்டு, உயர்ந்த மரக்குழலில் கடைந்தெடுத்த தேநீர் அது. (யாக் என்று நாம் இன்று சொல்லும் விலங்குதான் பழந்தமிழின் கவரி.) வறுத்த பார்லி மாவையும் அதிலேயே பிசைந்து உண்பார்கள். வெண்ணெய்க் கொழுப்பில் பாதிக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு. அது மிகும்போது கல்லீரல் குருதியிலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் வேகம் குறைகிறது. நெடுநேரம் அமர்ந்தே ஓதும் வாழ்க்கையில் டிரைகிளிசரைடு ஏறவும் எச்.டி.எல். இறங்கவும் இடமுண்டு. வயது, இடுப்புச் சுற்றளவு, குருதியழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் முண்டகோடு, பைலகுப்பே பகுதிகளில் மீண்டும் எழுப்பப்பட்ட கான்டென், ட்ரெபுங், செரா மடங்களில் திபெத்தின் கடுங்குளிர் இல்லை; ஓதுவதும் தேநீரும் தொடர்கின்றன.

மதுவை நோன்பாகவே விலக்கியவர்கள் இவர்கள். ஆகவே இந்நோய்க்குத் தமிழ்ப் பெயர் சூட்டும்போது 'சீர்கேடு' என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. ஒழுக்கக் குற்றத்தின் சாயல் அதில் படிகிறது. 'கொழுப்பு' என்று தனியே சொன்னாலோ, திமிர் என்ற பேச்சுவழக்குப் பொருள் குறுக்கிட்டு முதியவர் மனத்தைப் புண்படுத்தும். நிலையிலிருந்து விலகுதலே 'பிறழ்தல்'. ஏறினாலும் இறங்கினாலும் அது பிறழ்வுதான். எனவே நோய்க்குக் 'குருதிக் கொழுப்புப் பிறழ்வு' என்றும், அதன் வகைகளுக்கு 'எல்.டி.எல். மிகை', 'எச்.டி.எல். குறை' என்றும் எழுதுவது பொருந்தும்.