கோள்: பற்றுவதா, சுற்றுவதா?

கோடை விடுமுறையில் சேலத்து வீடுகளுக்குள் சூரியக் குடும்ப மாதிரி செய்யத் தெர்மாகோல் உருண்டைகளும் போஸ்டர் கலரும் வந்து இறங்கியதுமே ஒரு சந்தேகமும் எழுந்துவிடும். அட்டையில் தலைப்பாக எதை எழுதுவது? ‘நவக்கிரகங்கள்’ என்றா, ‘கோள்கள்’ என்றா? இரண்டும் ஒன்றுதான் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வேரைப் பார்த்தால் அது சரி. இன்றைய பொருளைப் பார்த்தால் சரியில்லை.

‘கொள்’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் ‘கோள்’. கெடு கேடானதும் சுடு சூடானதும் இதே வழியில்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்ததை மறந்தவர்கள்கூட வேண்டுகோள், மேற்கோள், குறிக்கோள் என்று நாள்தோறும் அதைப் புழங்குகிறார்கள். கொள்ளுதல் என்றால் எடுத்தல், பற்றுதல். வடமொழிக் ‘கிரகம்’ பிறந்த வேருக்கும் பற்றுதல் என்றே பொருள். கிரகணமும் கிரகித்தலும் அதே வேரில் வந்தவை. மனிதரைப் பிடித்து ஆட்டுபவை என்ற நம்பிக்கை இரண்டு சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கோளறு பதிகம்’ என்னும் பெயரில் உள்ள கோளும் இந்தப் பிடிக்கும் கோள்தான். கோளம், அதாவது உருண்டை, என்பதோடு இதை இணைத்துப் பார்ப்பாரும் உண்டு; எனக்கு ‘கொள்’ வழியே பொருத்தமாகப் படுகிறது. (கிரகப்பிரவேசத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது வீட்டைக் குறிக்கும் ‘கிருகம்’; எழுத்தில் தேய்ந்து கிரகமாகிவிட்டது.)

கிரேக்கர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ‘பிளானெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு அலைபவன் என்று பொருள். தமிழரும் இதைக் காணாமல் இல்லை. ‘நாண்மீன் விராய கோண்மீன்’ என்கிறது பட்டினப்பாலை. மீன் என்றால் இங்கே விண்மீன். தம்முள் வரிசை மாறாத நாள்மீன்களுக்கு இடையே கலந்து திரிபவை கோள்மீன்கள். வெறும் கண்ணால் வானத்தை இரவுதோறும் பார்த்தவர்களே இந்தப் பாகுபாட்டைச் செய்திருக்க முடியும்.

எண்ணிக்கையில்தான் குழப்பம் முற்றுகிறது. கோயில் நவக்கிரகத்தில் ஞாயிறு உண்டு, திங்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள் உண்டு, ராகுவும் கேதுவும் உண்டு, பூமி இல்லை. இன்றைய அறிவியலில் ஞாயிறு ஒரு விண்மீன், திங்கள் துணைக்கோள். ராகுவும் கேதுவும் வானில் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் கண்டறியப்பட்டன. 1930இல் புளூட்டோவும் சேர, பாடப்புத்தகத்திலும் ஒன்பது, கோயிலிலும் ஒன்பது என்று கணக்கு பொருந்திப்போயிற்று. வெறும் தற்செயல், ஆனால் மூன்று தலைமுறை அதை நம்பியது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோளாக்கியதும் கோள்கள் எட்டாயின. ஒன்பது உருண்டைகள் கொண்ட பெட்டியைக் கடையில் கொடுத்தால், ஒன்றைச் சூரியனாக்கிவிடலாம்.

ஆகவே என் தீர்ப்பு: சாதகத்துக்கும் சன்னதிக்கும் கிரகம், அறிவியலுக்குக் கோள். தனித்தமிழ்ப் பிடிவாதத்தால் இதைச் சொல்லவில்லை. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் கையில் இருக்கும்போது ஏன் கலக்க வேண்டும்? சிறுகோள், புறக்கோள், செயற்கைக்கோள், கோளரங்கம் என்று கிளை விடவும் இந்தச் சொல்லுக்குத்தான் வசதி.

தனிப் பெயர்கள் இன்னும் எளியவை. சிவந்தது செவ்வாய், வெளுத்தது வெள்ளி. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறார்கள் என்பதைச் சேலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு கோளும் ஒரே மூச்சில் மனத்தில் நின்றுவிடும். செவ்வாய்க்குச் சிவப்பு வண்ணம் வாங்கவும் வேண்டாம். ஏற்காட்டுச் செம்மண்ணைக் குழைத்துப் பூசலாம். அந்த மண்ணின் சிவப்புக்கும் செவ்வாயின் சிவப்புக்கும் காரணம் இரும்பு ஆக்சைடுதான்.

கம்பியில் தொங்கும் மாதிரிகள் அழகானவை, ஆனால் அளவில் பொய் சொல்பவை. கால்பந்து ஒன்றைச் சூரியனாக வைத்தால், பூமி 2 மில்லிமீட்டர் ஜவ்வரிசி. ஜவ்வரிசிக்குச் சேலத்தில் பஞ்சமா? அதைப் பந்திலிருந்து 23.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். செவ்வாய்க்கு ஒரு கேழ்வரகு மணி, 36 மீட்டரில். வியாழனுக்கு நெல்லிக்காய், ஏறத்தாழ 122 மீட்டரில். நெப்டியூனுக்கு 700 மீட்டர் வேண்டும். மொட்டை மாடி போதாது. ஏற்காட்டு ஏரிக்கரைச் சாலையில் பந்தை வைத்துவிட்டு நடந்து பார்க்கலாம். நிலவுக்கு மட்டும் நடக்க வேண்டியதில்லை. ஜவ்வரிசியிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துகளை ஒட்டி, அதன் பக்கத்தில் ‘துணைக்கோள்’ என்று எழுதிவிட வேண்டியதுதான்.