ஜன்னல் கைப்பிடி உடைந்ததா? கைப்பிடியைக் கடைசியாகப் பாருங்கள்

"ஜன்னல் கைப்பிடி உடைஞ்சிடுச்சு. புதுசு வாங்கி வெச்சிருக்கோம், வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போங்க." ஜன்னல் வேலை செய்பவனுக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: உடைவதற்கு முன்னால் கொஞ்ச நாளாகவே அது இறுக்கமாக இருந்ததா? "ஆமாங்க, ரெண்டு கையாலயும் அழுத்தித்தான் மூடுவோம்" என்பார்கள். அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நொந்து பயனில்லை. வாங்கி வைத்திருக்கும் புதுக் கைப்பிடியும் அதே இடத்தில், அதே மாதிரிதான் முறியும்.

காரணம் புரிய, கைப்பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல்களிலும் பல அலுமினிய ஜன்னல்களிலும் கைப்பிடி தானாக எதையும் பூட்டுவதில்லை. அதன் அடியிலிருந்து ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிண்டில் என்பார்கள். அது ஜன்னல் கதவுக்குள் இருக்கும் ஒரு சிறிய கியர் பெட்டிக்குள் நுழைகிறது. கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் கியர், கதவின் விளிம்போடு ஓடும் நீளமான பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். பட்டையில் உள்ள குமிழ்கள் நிலைச்சட்டத்தில் இருக்கும் பிடிப்புத் தகடுகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கதவு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் போதும், குமிழ் தகட்டுக்குள் போகாமல் அதன் முனையில் முட்டும். நாம் விடாமல் அழுத்துவோம். கைப்பிடி பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்ப்பு வளைந்து கொடுக்காது, ஓர் அளவுக்கு மேல் போனால் படக்கென்று முறியும். அது முறியாவிட்டால் கியரின் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகிவிடும். அந்தச் செலவு இன்னும் பெரிது.

எனவே எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கைப்பிடியைப் பூட்டும் பக்கம் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, மூடிய பிறகு மட்டும் இறுகுகிறது என்றால் கைப்பிடிக்கும் கியருக்கும் ஒன்றுமில்லை, கதவு இறங்கியிருக்கிறது. திறந்திருக்கும்போதும் முரண்டு பிடித்தால் கியரிலோ பட்டையிலோ அழுக்கு, துரு அல்லது முறிவு. கைப்பிடி சுற்றுகிறது, ஆனால் பட்டை அசையவில்லை என்றால் சதுரக் கம்பியோ கியர் துளையோ தேய்ந்துவிட்டது. கைப்பிடி லொடலொடவென்று ஆடினாலும் வேலை செய்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு முடிந்துவிடும். மாடி ஜன்னல் வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் இந்தச் சோதனைக்காக வெளியே சாய்ந்து எட்டாதீர்கள். கைக்கு எட்டுகிற அளவுக்குக் கதவை லேசாகத் திறந்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கவாட்டிலும் திறந்து, மேல்பக்கம் உள்நோக்கிச் சாயவும் செய்கிற டில்ட் அண்ட் டர்ன் வகை ஜன்னல்களில், கதவு திறந்திருக்கும்போது கைப்பிடி திரும்பாமல் தடுக்க விளிம்பில் ஒரு சிறு நெம்புத் தகடு இருக்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் கைப்பிடி நகரும். இது தெரியாமல் பலம் காட்டினால் நன்றாக இருந்த கைப்பிடியும் போய்விடும்.

கதவு இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். மூடிய ஜன்னலின் மேல் விளிம்பில் உள்ள இடைவெளியைக் கீல் பக்கமும் கைப்பிடி பக்கமும் ஒப்பிடுங்கள். கைப்பிடி பக்கம் அகலமாக இருந்தால் கதவு அந்தப் பக்கம் தொங்கிவிட்டது. கீழ்ச் சட்டத்தில் உரசிய தடம் பளபளவென்று தெரியும், ரப்பரும் அந்த மூலையில் மட்டும் நைந்திருக்கும். கீல் ஸ்க்ரூக்கள் தளர்வது ஒரு காரணம். இன்னொன்று வெளியே தெரியாதது. யுபிவிசி கதவில் கண்ணாடியின் எடையைத் தாங்க, கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும் அதற்குக் குறுக்கே கைப்பிடி பக்கத்து மேல் மூலையிலும் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி முட்டுக் கொடுப்போம். கண்ணாடியே கதவை நிமிர்த்திப் பிடிக்கும் ஏற்பாடு இது. மாட்டியவர் அவசரத்தில் அதைச் சரியாக வைக்கவில்லை என்றாலோ, துண்டு நழுவிவிட்டாலோ கதவு மெல்ல மெல்லத் தொங்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றித் துண்டுகளை மறுபடி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் இது கண்ணாடியோடு புழங்குகிற வேலை. மாடியில் இருப்பதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

மர ஜன்னலில் கதை வேறு. மழைக்காலத்தில் மரம் உப்பும், கொக்கியும் தாழ்ப்பாளும் எட்டாமல் போகும். உடனே இழைப்புளியைத் தூக்கிவிடுகிறார்கள். நன்றாக உப்பியிருக்கும் நேரத்தில் இழைத்துத் தள்ளினால், காய்ந்த பிறகு அந்த இடைவெளியில் காற்று வீசும். பழைய இரும்பு ஜன்னல்களில் பெரும்பாலும் பெயின்ட்தான் வில்லன். ஒவ்வொரு முறையும் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்து, கைப்பிடியின் மூக்கு, அதாவது நிலைச்சட்டத்தில் மாட்டும் முனை, நுழைய இடமில்லாமல் செய்துவிடுவார்கள்.

சரி, கைப்பிடியைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பழசைக் கழற்றாமல் புதிது வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். படத்தைப் பார்த்து, "இதே மாதிரிதான் இருக்கு" என்று வாங்கியவைதான் எங்களிடம் அதிகம் திரும்பி வருகின்றன. வெளித்தோற்றம் ஒரே மாதிரி இருக்கும், அடியில் உள்ள அளவு ஒத்துப்போகாது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது சதுரக் கம்பி. பெரும்பாலான யுபிவிசி ஜன்னல்களில் அதன் பருமன் 7 மில்லிமீட்டர். அறைக் கதவுகளின் கைப்பிடிகளில் பரவலாக வரும் 8 மில்லிமீட்டர் கம்பி இதில் நுழையாது. நீளத்தை அளக்கும்போது கைப்பிடியின் அடித்தட்டிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கம்பி குட்டையாக இருந்தாலும் ஆரம்பத்தில் வேலை செய்யும், கடைக்காரரும் "போதும்" என்பார். ஆனால் கியருக்குள் அதன் நுனி மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்தத் துளை சீக்கிரம் தேய்ந்துவிடும். நீளமாக இருந்தால் அடித்தட்டு சட்டத்தில் ஒட்டாமல் தூக்கி நிற்கும், அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் நீளமானதை வாங்கி ரம்பத்தால் அறுத்துப் பிசிர் தட்டிக்கொள்ளலாம். குட்டையை நீட்ட வழியில்லை.

அடுத்தது இரண்டு ஸ்க்ரூக்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். 43 மில்லிமீட்டர்தான் பரவலான அளவு, இருந்தாலும் அளந்து பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூவின் நீளத்தையும் மாற்றாதீர்கள். புதுக் கைப்பிடியோடு வரும் ஸ்க்ரூ பழையதைவிட நீளமாக இருந்தால், அதன் நுனி உள்ளே போய் கியரில் முட்டி, புதுக் கைப்பிடி முதல் நாளே இறுகிக்கொள்ளும். நல்ல கைப்பிடியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பவர்களின் பிரச்சினை பல நேரம் இந்த ஸ்க்ரூதான்.

சில கைப்பிடிகள் நேராக இருக்கும், சில ஒரு பக்கம் வளைந்திருக்கும். வளைந்ததில் இடது, வலது உண்டு. எது இடது என்று சொல்வதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வித்தியாசம் இருப்பதால், வீட்டுக்குள் நின்று மூடிய ஜன்னலைப் படம் எடுத்துக் காட்டிவிடுவதே நல்லது. கியர் இல்லாமல், கைப்பிடியின் மூக்கே நேராக நிலைச்சட்டத்தில் மாட்டிப் பூட்டும் பழைய வகை என்றால், அடித்தட்டிலிருந்து மூக்கின் அடிப்பக்கம் வரை எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். இந்த வகையில் ஜன்னல் இறுக்கமாக மூடவில்லை என்று புகார் வந்தால், நான் முதலில் பார்ப்பது மூக்கு வந்து உட்காரும் பிளாஸ்டிக் ஆப்பைத்தான். அது தேய்ந்திருக்கும். கைப்பிடியை விட்டுவிட்டு அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

என்ன உலோகம் என்பதில் கடையில் நிறையப் பேச்சு நடக்கும். காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் "அசல் ஸ்டெயின்லெஸ்" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. காந்தம் துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. குரோம் பூச்சுப் போட்ட துத்தநாகக் கைப்பிடி பார்வைக்கு ஸ்டெயின்லெஸ் மாதிரியே பளபளக்கும். கையில் கனமாக இருப்பதாலும் உறுதியானது என்று ஆகிவிடாது. துத்தநாகக் கலவை அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி உள்ளது, அதனால் இயல்பாகவே கனக்கும். நான் துத்தநாகத்தைக் குறை சொல்லவில்லை. சரியாகச் சீர்செய்த ஜன்னலில் அது பல வருடம் உழைக்கும்.

கடற்காற்று வீசும் இடத்தில் மட்டும் உலோகத்தில் கஞ்சத்தனம் கூடாது. 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் அங்கே பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். பூச்சுப் போட்டதை வாங்கினால் ஐரோப்பியத் தரமான இஎன் 1670-இன் கீழ் எந்த வகுப்பு என்று கேளுங்கள். உப்புத் தெளிப்புச் சோதனையில் 3-ஆம் வகுப்பு 96 மணி நேரமும் 4-ஆம் வகுப்பு 240 மணி நேரமும் தாக்குப்பிடிக்க வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரத்தாளிலோ இருக்கும். அலுமினியச் சட்டத்தில் பித்தளைக் கைப்பிடியை நேரடியாக இறுக்க வேண்டாம். ஈரம் பட்டால் அந்த இரண்டு உலோகங்களுக்கும் ஆகாது, அலுமினியம்தான் அரித்துப்போகும்.

கழற்றி மாட்டுவது பெரிய வேலையில்லை. கதவை மூடி வைத்துக்கொண்டு கைப்பிடியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். அடித்தட்டின் மூடியை லேசாக இழுத்துப் பக்கவாட்டில் சுழற்றினால் உள்ளே இரண்டு ஸ்க்ரூ தெரியும். மூடி இல்லாத வகையில் ஸ்க்ரூக்கள் நேராகவே தெரியும், அல்லது சிறு பிளாஸ்டிக் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூக்களை எடுத்ததும் கைப்பிடி நேராக உருவிக்கொண்டு வரும். புதிதையும் அதே கிடைமட்ட நிலையில் செருகுங்கள், இல்லையென்றால் பூட்டும் திசை மாறிவிடும். மின்சார ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். கடைசி இரண்டு சுற்றில் அது மரையைத் தின்றுவிடும். கையால் இறுக்கி, கைப்பிடி ஆடாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

ஜன்னல் பூட்டியிருக்கும்போதே கைப்பிடி முறிந்து, திறக்க முடியாமல் போய்விட்டதா? அடுத்த அறை ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றி வந்து செருகிப் பாருங்கள். ஒரே சமயத்தில் போட்ட ஜன்னல்கள் என்றால் அநேகமாகப் பொருந்தும். முறிந்த கம்பி உள்ளேயே நின்றுவிட்டால் குறடால் பிடித்து உருவ வேண்டும். நெம்புகோலைச் சட்டத்துக்குள் விட்டுக் கிளப்பாதீர்கள், அப்புறம் செலவு ஜன்னலுக்கே வந்துவிடும்.

மரத்தில் பழைய துளை பெருத்துப்போயிருந்தால் அதைவிடப் பெரிய ஸ்க்ரூவைப் போடுவது வழக்கமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. உறுதியான மரச் சிம்பைப் பசை தடவி அடித்து இறக்கி, காயவிட்டு, புதிதாகத் துளை போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ போடுவதானால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொண்டு, அப்புறம் பித்தளையை லேசாக மெழுகு தடவி ஏற்றுங்கள். பித்தளை மென்மையானது, கெட்டி மரத்தில் நேராக முறுக்கினால் தலை துண்டாகிப் பாதி உடல் உள்ளே நின்றுவிடும்.

கியருக்கும் பட்டைக்கும் வருடத்துக்கு ஓரிரு முறை லேசான எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். அது ரப்பரில் வழியக் கூடாது. பல ஜன்னல்களில் வரும் இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். உப்பிய ரப்பர் கதவைத் தள்ளும், கைப்பிடி மறுபடி இறுகும். ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே போதும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் சாவியுள்ள கைப்பிடி வேண்டும் என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டால் அந்தப் பூட்டால் ஒரு பயனும் இல்லை. காற்றுக்காகத் திறந்திருக்கும் நேரத்தில்தான் குழந்தை ஏறும். 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பான் தனியாகக் கிடைக்கிறது, மாடியில் அதையும் சேர்த்துப் போடுங்கள். பெரியவர்கள் அவசரத்தில் விடுவிக்கக்கூடிய வகையாக அது இருக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் புழங்கும் அறைக்கு நீளமான பிடியுள்ள கைப்பிடியே நல்லது. பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்பும் வகை அவர்களுக்கு வேதனை.

சாவியைக் கைப்பிடியிலேயே தொங்கவிடவும் கூடாது, எங்கே வைத்தோம் என்று தெரியாத இடத்தில் போடவும் கூடாது. தீப்பிடித்தால் அந்த அறைக்கு ஜன்னல்தான் வழி என்ற நிலை வரலாம். வெளியிலிருந்து எட்டாத, குழந்தைக்கு எட்டாத, வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் மாட்டுங்கள். சாவி தொலைந்துவிட்டது என்பதற்காகக் கைப்பிடியை மாற்ற வேண்டியதும் இல்லை. பல தயாரிப்புகளில் ஒரு வகைக் கைப்பிடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான், தனியாகவே கிடைக்கும். இருக்கிற கைப்பிடியின் பெயரையோ பூட்டின் மேல் பொறித்த எண்ணையோ சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.