டேக் தானே மாத்தறோம்னு பாட்டையே காலி பண்ணிட்டு வர்றவங்களுக்கு

பழைய கேசட், ஸ்பூல் டேப் எல்லாம் டிஜிட்டல் பண்ணிக் குடுக்கறது என் தொழில். இந்த மாசமும் ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்கோட வந்து நிக்கிறார். அவங்க தாத்தாவோட நாகஸ்வரக் கச்சேரி, 320 கேபிபிஎஸ் எம்பி3யா குடுத்தது, பையன் நெட்ல கெடச்ச ஒரு எஃப்எஃப்எம்பெக் லூப்ப (ஒவ்வொரு ஃபைலா எடுத்து ஒரே கமாண்ட ஓட்டறது) அப்படியே டெர்மினல்ல ஒட்டி ஃபோல்டர் மொத்தத்துக்கும் டேக்ல, அதாவது ஃபைலுக்குள்ள இருக்கற விவரக் குறிப்புல, ராகம் பேர் ஏத்தியிருக்கான். பேர் ஏறிடுச்சு, சத்தம்தான் செத்துப்போச்சு. "சைஸ் பாதிக்கு மேல கொறஞ்சுது சார், நல்லதுதானேன்னு விட்டுட்டோம்"னு வேற சொல்றார்.

எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "பேர் மட்டும்தானே மாத்துனோம், பாட்ட தொடவே இல்லையே". தொட்டீங்க சாமி! எஃப்எஃப்எம்பெக் டேக் எடிட்டர் இல்ல, அது கன்வர்ட்டர். கோடெக் காப்பின்னு (-c copy, சத்தத்த அப்படியே எடுத்து வைன்னு அர்த்தம்) நீங்க வாய்விட்டு சொல்லலைன்னா அது பாட்ட முழுசா பிரிச்சு மறுபடி என்கோட் பண்ணும், எம்பி3க்கு பிட்ரேட்டும் சொல்லலைன்னா 128 கேபிபிஎஸ்ல தான் எழுதும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதை. அதை திரும்ப 320ல கன்வர்ட் பண்ணா சரியாயிடுமான்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, சைஸ்தான் திரும்பி வரும், போன சத்தம் வராது, 500ல போட்டாலும் வராது. இதுல எஃப்எஃப்எம்பெக் அதே ஃபைல் மேல எழுதாதுன்னு தெரிஞ்சுகிட்டு, டெம்ப் ஃபைல்ல எழுதி, லூப் கடைசில ஒரு எம்வி (mv, ஃபைல நகர்த்தற கமாண்ட்) போட்டு ஒரிஜினல் மேலயே தூக்கி வெச்சுடறாங்க. கமாண்ட் லைன்ல ரீசைக்கிள் பின் கெடையாதுங்க, போனது போனதுதான். (சத்தம் எதையும் இழக்காம சுருக்கற ஃப்ளாக் ஃபைலா இருந்தா மறுபடி என்கோட் ஆனாலும் சத்தம் அடிபடாது, அதனாலதான் மாஸ்டர் காப்பிய ஃப்ளாக்ல வைங்கன்னு தொண்டை கிழிய கத்தறது.)

டேக் மாத்த டேக் டூலையே எடுங்க. எம்பி3க்கு மிட்3வி2 (mid3v2) இல்லைன்னா eyeD3, ஃப்ளாக்குக்கு மெட்டாஃப்ளாக் (metaflac). ஐடி3வி2ன்னே (id3v2) ஒரு பழைய டூல் இருக்கு, அதுக்கு யூனிகோடு தெரியாது, தமிழ்ல பேர் குடுத்தா கொக்கி கொக்கியா எழுதி வெச்சுடும். யூனிகோடுக்கு முன்னாடி இருந்த டிஸ்கி (TSCII) எழுத்து முறை காலத்து டேக்க மாத்தணும்னா லினக்ஸ்ல எழுத்து முறை மாத்தற ஐகான்வுக்கு (iconv) டிஸ்கி தெரியும், அதுல மாத்தி எடுத்துக்கலாம்.

கார்ல பேர் வரலைன்னு வர்ற கேஸ் தனி. மிட்3வி2 எழுதறது ஐடி3ங்கற (ID3) எம்பி3 டேக் ஃபார்மட்டோட 2.4 வெர்ஷன், பழைய கார் ஸ்டீரியோ பலதுக்கு 2.3 தான் புரியும், அதுக்கு eyeD3 டூல்லயே மாத்தற ஆப்ஷன் இருக்கு. அதுக்கும் பழைய ஐடி3 வெர்ஷன் 1ல தலைப்புக்கு மொத்தமே 30 பைட், யூனிகோட எழுதி வைக்கற யுடிஎஃப்-8 முறைல சங்கராபரணம் 33 பைட் வரும், திணிச்சா கடைசி புள்ளி கழண்டு 'சங்கராபரணம'ன்னு நிக்கும். ஆகவே வெர்ஷன் 1ல தமிழ் வேணாம், விட்டுடுங்க.

லூப் போடறதுக்கு முன்னாடி ஃபோல்டர வேற டிஸ்க்ல காப்பி எடுங்க, அதே டிஸ்க்ல இல்ல. மொதல்ல கமாண்டுக்கு முன்னாடி எக்கோ (echo, ஓட்டாம எழுதி மட்டும் காட்டும்) போட்டு என்ன ஓடப்போகுதுன்னு கண்ணால படிங்க, அப்புறம் ஒரே ஒரு ஃபைல்ல ஓட்டி ஹெட்ஃபோன் மாட்டி கேளுங்க. ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இருக்கும், ஃபைல் பேர் வர்ற வேரியபிள கோட்ஸுக்குள்ள (" ") வைங்க, இத எத்தன தடவ சொல்றது! லிஸ்ட்ல இருந்து வரி வரியா ஃபைல் பேர் படிக்கற வொயில் ரீட் (while read) லூப்புக்குள்ள எஃப்எஃப்எம்பெக் போட்டா நோ எஸ்டிடின் (-nostdin) ஆப்ஷன் சேருங்க, இல்லைன்னா ஃபைல் லிஸ்ட்டையே அது முழுங்கிடும். மெட்டாஃப்ளாக்ல ரிமூவ் ஆல் டேக்ஸ் அடிக்கறவங்க மொதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி டெக்ஸ்ட் ஃபைலா வைங்க, அது உறுதியான்னு ஒரு வார்த்தை கேக்காது.

ஏற்கனவே ஓட்டி முடிச்சவங்க மொதல்ல சொந்தக்காரங்க பென்டிரைவ், பழைய வாட்ஸ்அப் டாக்குமெண்ட் எல்லாம் தேடுங்க, எங்கயாவது மாத்தாத காப்பி கெடக்கும். எங்கயும் இல்லைன்னா, டிஜிட்டல் பண்ணியாச்சேன்னு அந்த கேசட்ட மட்டும் பழைய பேப்பர்காரருக்கு போட்றாதீங்க, எடுத்துட்டு வாங்க, மறுபடி ஓட்டிப் பாக்கலாம்.