நாய்த்திடலில் முதலில் தரையைப் பாருங்கள்

பெங்களூரில் நாய்களுக்கென்று தனிப் பூங்கா என்றால் ஒரு காலத்தில் கப்பன் பூங்காவுக்குள் இருப்பதைத்தான் சொல்வார்கள். இப்போது அபார்ட்மெண்ட் வளாகங்களில், லே-அவுட் பூங்காக்களின் ஓரத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் என்று அங்கங்கே வேலி போட்ட நாய்த்திடல்கள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். 30-க்கு 40 மனையில் கட்டிய வீட்டில், மாடிப்படிக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு லாப்ரடார் எவ்வளவுதான் ஓடும்?

அல்சூர் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவன் நான். புதிதாகத் திடல் திறக்கும் குடியிருப்போர் சங்கத்தினர் சில சமயம் என்னைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். அவர்கள் ஆசையாகக் காட்டுவது தாண்டும் வளையம், சுரங்கக் குழாய், ஏறி இறங்கும் பலகை, எலும்பு வடிவில் செய்த பெஞ்ச், போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு நாய்ச்சிலை. நான் குனிந்து தரையைப் பார்ப்பேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எந்த மூலை காயாமலே கிடக்கிறது? குழாயடியில் சேறு இருக்கிறதா? பூங்காவுக்குப் போய்வந்த பிறகு என்னிடம் வரும் நாய்களின் நோய்களில் பெரும்பாலானவை தரையிலிருந்து ஏறியவை. வளையத்தைத் தாண்டிக் கால் பிசகி வருவது அபூர்வம்.

மலத்தை அள்ளுவதை எல்லோரும் நாகரிகப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். நாற்றம், அசிங்கம், செருப்பில் ஒட்டும், அவ்வளவுதான். மருத்துவன் கண்ணுக்கு அது நேரக் கணக்கு. குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இருக்கும் நாயின் மலத்தோடு ஆயிரக்கணக்கில் முட்டைகள் வெளியே வருகின்றன. ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஓரிரு நாளில் அவை பொரிந்து, சுமார் ஒரு வாரத்தில் நோய் பரப்பும் இளம்புழுக்களாகிவிடும். பெங்களூரின் தட்பவெப்பம் ஆண்டில் பெரும்பகுதி இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. அந்தப் புழு பாதத்தோலைத் துளைத்தும் நுழையும், நாய் காலை நக்கும்போது வாய்வழியாகவும் போகும். செருப்பில்லாமல் நடக்கும் மனிதர் காலிலும் புகுந்துகொள்ளும். அங்கே அது குடல்வரை போகாமல் தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்க வைக்கும். ஆக, தினமும் அள்ளினால் முட்டை புழுவாகும் முன்பே திடலைவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அள்ளுகிற திடலில், ஆள் வருவதற்குள் புழு மண்ணில் இறங்கிவிட்டிருக்கும். திடல் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், அவ்வளவே.

உருண்டைப்புழுவுக்கு அவகாசம் கொஞ்சம் அதிகம். அதன் முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் மண்ணில் கலந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது ஈரலையோ கண்ணையோ பாதிக்கலாம். மண்ணில் கலந்த முட்டையைக் கொல்ல நடைமுறையில் மருந்து கிடையாது. முன்கூட்டியே அள்ளுவதும், திடலுக்கு வரும் வளர்ந்த நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பதும்தான் வழி.

சில மாதங்களுக்கு முன் காக்ஸ் டவுனிலிருந்து ஓர் அம்மா தன் பீகிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளா தட்டைத் தொடல டாக்டர். புது ஃபுட் பிடிக்கலையோ?" என்றார். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துப் போயிருந்தது, ரத்தசோகை. மலப் பரிசோதனையில், மைக்ரோஸ்கோப்பில் வைத்த முதல் துளியிலேயே கொக்கிப்புழு முட்டைகள், மெல்லிய ஓட்டுக்குள் நாலைந்து உருண்டைகளோடு. மலம் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியவில்லை. காலையில் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போவது சம்பளத்துக்கு வரும் ஒரு பையன். அவனும் கூடவே வந்திருந்தான். "ஒரு வாரமா கருப்பா, தார் மாதிரிதான்க்கா போகுது. நான் கவர்ல அள்ளிப் போட்டுடுவேன்" என்றான். கருப்பாகப் போனால் குடலில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அவன் அள்ளியது சரி, ஆனால் பார்த்ததைச் சொல்லும்படி யாரும் அவனிடம் சொல்லி வைக்கவில்லை. இந்த ஊரில் பாதி நாய்களை நடத்திக்கொண்டு போவது இப்படி வேறு யாரோதான் என்று எனக்குத் தோன்றும். மலத்தை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அள்ளியதை எங்கே போடுவது என்பதும் முக்கியம். ஈரக் குப்பையில் போடக் கூடாது. அது உரமாகப் போகும் குப்பை, சாதாரண உரக்குழியின் சூட்டுக்கு உருண்டைப்புழு முட்டை சாகும் என்று நம்ப முடியாது. காகிதத்தில் சுற்றி, டயப்பர் போடும் சானிட்டரி குப்பையோடு சேர்க்க வேண்டும். திடலின் வாசலிலேயே மூடி போட்ட தொட்டி ஒன்று அதற்கென்று இருந்தால் யாரும் வேலிக்கு வெளியே வீசிவிட்டுப் போக மாட்டார்கள். சரி, வீசுபவர்கள் குறைவார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர்ச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், நனைந்தால் வழுக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் சரிவில்லாத திடல் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் வருவது இந்தத் தேங்கலில்தான். எலியின் சிறுநீரில் வெளியேறும் கிருமி தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் தாங்கும். நாய் அதைக் குடித்தாலும் போதும், காலில் சின்னக் கீறலோடு அதில் நடந்தாலும் போதும். கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் தாக்கும். அந்த நாயின் சிறுநீரிலிருந்து வீட்டு மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டும், ஆனால் எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பு ஆகாது. அதனால் தரையைச் சரிசெய்தே ஆக வேண்டும். நூறு அடிக்கு இரண்டு அடி சரிவு, தாழ்ந்த பக்கத்தில் கம்பிவலை மூடிய வடிகால், குடிநீர்க் குழாய்க்கு அடியில் சிமெண்ட் மேடை, அங்கே சிந்தும் நீர் இறங்க ஒரு உறிஞ்சுகுழி. பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்று கவரைக் கீழே போட்டால் எலி வரும், அப்புறம் வடிகால் போட்டும் பயனில்லை.

முடிந்தால் திடலை நடுவில் ஒரு வேலி போட்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியைப் பயன்படுத்தும்போது மறு பாதி காய்ந்து, புல் தலையெடுக்கும். நாய்ச் சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் புல்லை வட்டம் வட்டமாகக் கருக்கிவிடும். உடனே தண்ணீர் ஊற்றினால் ஓரளவு தப்பும், ஓய்வு கொடுத்தால் திரும்பவும் முளைக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பச்சைச் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஏப்ரல் வெயிலில் அது கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மூத்திர நாற்றம் அடியில் தங்கும், தினமும் கழுவ வேண்டும். தினமும் கழுவ ஆள் இருந்தால் நிஜப் புல்லையே வளர்த்துவிடலாமே.

குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்போக்கும் வரவைத்து உயிரையே எடுக்கும் வைரஸ் நோயான பார்வோவைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு குட்டிக்கு பார்வோ வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும், மறுநாள் காலையில் திடல் முழுக்க வெள்ளை வெளேரென்று ப்ளீச்சிங் பவுடர் தூவியிருப்பார்கள், அமைச்சர் வரும் தெரு ஓரம் மாதிரி. மண்ணிலும் புல்லிலும் அதற்கு வேலை இல்லை. மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை அதன் வீரியத்தைத் தின்றுவிடும், நாயின் பாதம் வெந்துபோவதுதான் மிச்சம். சிமெண்ட் தரை, பெஞ்ச், தண்ணீர்க் கிண்ணம் போன்றவற்றுக்கு மட்டும்தான் ப்ளீச். அதையும் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். மண்ணில் பார்வோ வைரஸ் ஓராண்டுகூடத் தாங்கும். வெயிலும் காலமும்தான் அதைக் குறைக்கும். ஆகவே தடுக்க வேண்டிய இடம் வாசல். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி வரிசையில் கடைசி ஊசி 16 வார வயதிலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். அதற்கும் ஓரிரு வாரம் கழித்துத்தான் திடல். அதுவரை குட்டி வெளியுலகமே பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம், உங்கள் கையில் இருந்தபடி. ஊசி போட்ட தெரிந்த நாய் உள்ள வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். பொது மண்ணில் கால் வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

வேலியில் காசு போடுவதாக இருந்தால் இரட்டைக் கேட்டுக்குப் போடுங்கள். முதல் கேட்டை மூடிவிட்டுச் செயினை அவிழ்த்து, அப்புறம் இரண்டாவது கேட்டைத் திறப்பது. நாய் சாலைக்கு ஓடாமல் இருக்க மட்டுமல்ல இது. புது நாய் வந்ததும் உள்ளே இருப்பவை எல்லாம் வாசலில் மொய்க்கும், செயினோடு இருக்கும் நாய் மிரண்டு கடிக்கும். நான் தைக்கும் பூங்காக் காயங்கள் பலவற்றின் கதை வாசலில்தான் தொடங்குகிறது. சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதியும் கட்டாயம் வேண்டும். பெரிய நாய் ஒரு பொமரேனியனைக் கவ்வி உதறினால் வெளியே ஒரு பல் ஓட்டைதான் தெரியும், உள்ளே தசை கிழிந்து தொங்கும். "சின்னக் காயம்தான் டாக்டர், மஞ்சள் வச்சிருக்கேன்" என்று மூன்றாம் நாள் வருவார்கள். மனிதரைக் கடித்திருந்தால், வீட்டு நாயோ தெரு நாயோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபீஸ் வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது.

தெரு நாய்களை விரட்டிவிட்டுத் திடல் நடத்த முடியாது. விரட்டிய இடத்துக்கு வேறு நாய் வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல்களுக்கும் தள்ளி, தெரு நாய்களுக்கு உணவிடும் இடத்தைக் குறிப்பது குடியிருப்போர் சங்கத்தின் வேலை. அதைத் திடலின் கேட்டிலிருந்தும் தள்ளி வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

உண்ணிக்கு எல்லோரும் புல்லில் மருந்தடிக்கிறார்கள். நம் ஊர் நாய் உண்ணி ரத்தம் குடித்து நிரம்பியதும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் விரிசலைப் பூசுங்கள், பெஞ்சின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழகுக்கென்று வைத்த மரக்குடிசை இருந்தால் எடுத்துவிடுங்கள், அது உண்ணிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. செடிகளில் அரளியும் சைக்கஸும் வேண்டவே வேண்டாம். உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு போடவே கூடாது. வாசனைக்கு மயங்கி நாய் அள்ளித் தின்னும், அதில் இருக்கும் ரிசின் உயிரைக் குடிக்கும். வேப்பம் புண்ணாக்கு போதும். நிழலுக்குப் புங்கமரம் நடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். திறப்பு விழாவுக்கு நன்கொடை கிடைக்கிறது, ஏனென்றால் சுரங்கக் குழாயில் பெயர் எழுத இடம் இருக்கிறது. வடிகாலில் யார் பெயர் எழுதுவார்கள்? 2025 செப்டம்பரில் பெங்களூரின் ஒரே மாநகராட்சியாக இருந்த பி.பி.எம்.பி. போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. மாநகராட்சிப் பூங்காவுக்குள் திடல் கேட்பவர்கள் முதலில் தங்கள் வார்டு எதில் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு, மனுவில் வளையத்துக்கு முன் வடிகாலையும் தினசரி ஆளையும் எழுதுங்கள். என் கணக்கில், முழுநேரப் பராமரிப்பாளர் ஒருவர் இல்லாத திடலைத் திறக்காமல் இருப்பதே மேல். விதிமுறைப் பலகையைக் கன்னடம், தமிழ், இந்தி என்று எழுதி, படமும் போடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால், காலை ஏழு மணிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு வரும் பையன்களில் பலருக்கு அது புரியாது.

கிழக்கு பெங்களூரில் ஒரு லே-அவுட் திடலைத் தருமபுரிக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூட நோட்டில் தினமும் எழுதி வைப்பார்: "செவ்வாய், குழாய் மூலை, தண்ணியா, ரத்தம் கலந்து, வெள்ளை நாய்." சங்கச் செயலாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அந்த நோட்டு அலமாரியிலேயே கிடந்தது. ஒருநாள் நான் வாங்கிப் புரட்டினேன். ஒரே மூலை, அடுத்தடுத்த நாட்கள், மூன்று நாய்கள். மூன்றின் மலத்தையும் பரிசோதித்ததில் இரண்டுக்கு கொக்கிப்புழு இருந்தது. இரண்டுக்கும் மருந்து கொடுத்தோம். குழாயை மேட்டுக்கு மாற்றி, அந்த மூலையைக் கயிறு கட்டிக் காயவிட்டார்கள். இப்போது நோட்டைச் சங்கமே வாங்கித் தருகிறது, மாதக் கடைசியில் அவர் வாசித்துக் காட்ட, செயலாளர் கன்னடத்தில் குறித்துக்கொள்கிறார். சம்பளமும் ஏற்றியிருக்கிறார்கள், அவர் கேட்டதில் பாதி.